உளி பட்ட கல்லில் சுத்தியல்: எரிக் கில் விவகாரம்

2022 ஜனவரி 12, புதன்கிழமை. மாலை நான்கு மணி தாண்டியிருந்தது. லண்டனில் பிபிசியின் தலைமையகமான பிராட்காஸ்டிங் ஹவுஸின் முகப்பில் ஒருவர் ஏணி வைத்து ஏறினார். தலைவாசலுக்கு மேலே ஒரு மாடம். அதில் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் தாடிக்காரக் கிழவர், அவருக்கு முன்னால் ஆடையில்லாத ஒரு சிறுவன். இரண்டும் கல். ஏறியவர் கையில் சுத்தியல் இருந்தது. போலீசும் தீயணைப்புப் படையும் வந்து அவரைக் கீழே இறக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் சிலையில் பல இடங்களில் கல் பெயர்ந்துவிட்டது. அவர் அங்கே எழுதி வைத்த வாசகங்களில் ஒன்று, 'போக வேண்டிய வருடம் 1989' என்ற பொருளில் இருந்தது.

சிலையைச் செதுக்கிய எரிக் கில் 1940லேயே இறந்துவிட்டார். 1989இல் வந்தது ஒரு புத்தகம்.

இதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, பிரிஸ்டல் நகரில் அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையைக் கவிழ்த்த வழக்கில் நான்கு பேரை ஜூரி விடுதலை செய்திருந்தது. அதனால் பலரும் இரண்டு சம்பவங்களையும் ஒரே கயிற்றில் கட்டிப் பேசினார்கள். அந்த முடிச்சை முதலில் அவிழ்த்துவிட வேண்டும். கோல்ஸ்டன் சிலை கோல்ஸ்டனைப் போற்றுவதற்காக நிறுத்தப்பட்டது. அதைக் கவிழ்ப்பது, அந்த மனிதருக்கு ஊர் தந்த மரியாதையைத் திரும்ப வாங்குவது. பிபிசி வாசலில் நிற்பது கில்லின் உருவம் இல்லை. ஷேக்ஸ்பியரின் 'புயல்' நாடகத்தில் வரும் மந்திரவாதி பிராஸ்பெரோவும் அவருக்கு ஏவல் செய்யும் காற்றுத் தேவதை ஏரியலும். அங்கே யாருடைய புகழும் பாடப்படவில்லை. பிரச்சினை அந்தக் கல்லில் உளி வைத்த கையைப் பற்றியது. அது வேறு கேள்வி, இன்னும் கடினமான கேள்வி.

கல்லறைக் கல்லிலிருந்து ரயில் நிலையம் வரை

கில் 1882இல் பிரைட்டனில் பிறந்தார். லண்டனில் ஒரு கட்டடக் கலைஞரிடம் பயிற்சிக்குச் சேர்ந்து, மாலை வகுப்பில் எட்வர்ட் ஜான்ஸ்டனிடம் எழுத்தெழுதும் கலையைக் கற்றார். முதல் பிழைப்பு கல்லில் எழுத்து வெட்டுவது: கல்லறைக் கற்கள், கட்டடங்களின் நினைவுக் கற்கள். எழுத்திலிருந்து உருவத்துக்கு வந்தவர் என்பது அவருடைய சிற்பங்களைப் பார்த்தாலே தெரியும். உடலின் விளிம்பை ஓர் எழுத்தின் வளைவைப் போலவே வெட்டுவார். அந்தக் காலத்துச் சிற்பிகள் பெரும்பாலும் களிமண்ணில் மாதிரி செய்து கொடுப்பார்கள். கல்லை வெட்டுவது கூலிக்கு வரும் வேறொருவர். கில் அந்த இடைவெளியை வெறுத்தார். கற்பனை செய்பவனே கல்லையும் உடைக்க வேண்டும் என்றார், அப்படியே செய்தார்.

1913இல் கத்தோலிக்கரானார். அடுத்த ஆண்டே லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்துக்குச் சிலுவைப்பாதையின், அதாவது இயேசு சிலுவை சுமந்து சென்ற வழியின் 14 நிலைகளைப் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கத் தொடங்கினார். முதல் உலகப்போர் முடிந்த 1918இல் அந்த வேலை முடிந்தது. சசெக்ஸ் பகுதியின் டிச்சிலிங் கிராமத்தில் கைத்தொழிலும் ஜெபமும் குடும்பமும் ஒன்றாக நடக்கும் ஒரு தொழிற்குழுவை நண்பர்களோடு அமைத்தார். 1924இல் வேல்ஸ் மலைப்பகுதியில் ஒரு பழைய மடத்துக்கு இடம் பெயர்ந்தார், 1928இல் பக்கிங்ஹாம்ஷயருக்கு.

அவர் வரைந்த அச்சு எழுத்துருவுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் கில்லைக் கேள்விப்படாதவர்களும் அதைப் பார்த்திருப்பார்கள். 1926இல் பிரிஸ்டலில் ஒரு புத்தகக் கடையின் பெயர்ப்பலகைக்காக அவர் வரைந்த எழுத்துகளை அச்செழுத்துகள் தயாரிக்கும் மோனோடைப் நிறுவனத்தின் ஆலோசகர் ஸ்டான்லி மாரிசன் கண்டார். இரண்டே ஆண்டுகளில் 'கில் சான்ஸ்' வெளிவந்தது. முனைகளில் கொம்பு முளைக்காத, சுத்தமான எழுத்து. ஆனாலும் அளவுகோல் வைத்து இழுத்தது போன்ற இறுக்கம் அதில் கிடையாது. குருநாதர் ஜான்ஸ்டன் லண்டன் சுரங்க ரயிலுக்கு வரைந்த எழுத்தின் சாயல் அதில் உண்டு. கில்லே அதை மறைத்ததில்லை. லண்டன் வடகிழக்கு ரயில்வே அதைத் தன் பலகைகளுக்கெல்லாம் எடுத்துக்கொண்டது. 1935இல் வந்த பென்குயின் மலிவுப் பதிப்புகளின் அட்டையில் தலைப்பு அந்த எழுத்தில்தான். பிபிசி தன் பெயரையே 1997 முதல் 2021 வரை கில் சான்ஸில் எழுதியது. மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் ஆரஞ்சு அட்டை பென்குயின்களைப் பொறுக்கிச் சேர்த்துத்தான் நான் ஆங்கிலம் படித்தேன். எழுத்து இவ்வளவு அழகாக இருக்க முடியுமா என்று முதலில் தோன்றியது அந்த அட்டைகளைப் பார்த்துத்தான். வரைந்தவர் பெயர் அப்போது தெரியாது.

நாட்குறிப்பு

1989இல் ஃபியோனா மெக்கார்த்தி எழுதிய கில்லின் வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. கில் வாழ்நாள் முழுவதும் நாட்குறிப்பு எழுதியவர். எத்தனை மணி நேரம் வேலை, யார் வந்தார்கள், என்ன கூலி என்ற கணக்குகளோடு தன் பாலுறவுச் செய்திகளையும் அதே தந்தி நடையில் குறித்து வைத்தார். அந்த நாட்குறிப்புகள் லாஸ் ஏஞ்சல்ஸில் கலிபோர்னியப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் இருந்தன. தன் இரண்டு மூத்த மகள்களை அவர்களுடைய பதின்ம வயதில் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியதை கில் தன் கையாலேயே அதில் எழுதியிருந்தார். உடன்பிறந்த சகோதரியுடனான உறவும், வளர்ப்பு நாயிடம் செய்ததும் கூட அங்கே இருந்தன. 1966இல் வந்த வரலாற்று நூல் இதையெல்லாம் சொல்லவில்லை. கில் எழுதிய தன்வரலாறும் சொல்லவில்லை.

இந்த விவகாரத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணமே இதுதான். கலைஞர்கள் மீதான பெரும்பாலான சர்ச்சைகளில் பாதி நேரம் 'நடந்ததா, இல்லையா' என்பதிலேயே போய்விடும். ஒரு பக்கம் சாட்சி, மறுபக்கம் மறுப்பு, நடுவில் அவதூறு வழக்கு. இங்கே அந்தப் புகைமூட்டம் இல்லை. செய்தவரே எழுதி வைத்த ஆவணம் இருக்கிறது. செய்தவருக்குத் தண்டனையும் கொடுக்க முடியாது, அவருக்குப் பணமும் போகாது. எனவே 'ரசிக்கலாமா' என்ற கேள்வி மட்டும் தனியே நிற்கிறது.

இரண்டாவது மகள் பெட்ரா பிற்காலத்தில் நெசவுக் கலைஞராக வாழ்ந்து 1999இல் காலமானார். தந்தையைப் பற்றி அவர் கசப்பில்லாமலேயே பேசினார். 'பாதிக்கப்பட்டவரே பெரிதாக எடுத்துக்கொள்ளாதபோது நமக்கென்ன' என்று கில்லின் ரசிகர்கள் இன்றும் இதை எடுத்து நீட்டுகிறார்கள். இந்த வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. வேறு வீடு எப்படி இருக்கும் என்றே தெரியாமல் வளர்ந்த பிள்ளை அது. அந்தப் பிள்ளை பெரியவளாகித் தன் தகப்பனை எப்படி நினைத்துக்கொண்டாள் என்பது அவளுடைய சொந்த விஷயம். கண்காட்சிக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க அது அனுமதிச் சீட்டு இல்லை.

குமாரசுவாமி சொன்னதும் கில் வாழ்ந்ததும்

படைப்பு வேறு, படைத்தவன் வேறு என்ற வாதத்துக்கு நல்ல வம்சாவளி உண்டு. கில்லும் அந்த வம்சத்துக்குள்தான் இருந்தார். இடைக்காலக் கத்தோலிக்கத் தத்துவ அறிஞர் புனித தோமா அக்குவினாஸ், கைவினை என்பது 'செய்யப்படும் பொருளைப் பற்றிய சரியான அறிவு' என்றார். ஒரு தச்சனைத் தச்சன் என்ற முறையில் பாராட்டுவது அவன் செய்த பொருளின் தரத்துக்காக. எந்த மனதோடு செய்தான் என்பது அந்தப் பாராட்டுக்கு வெளியே. கில்லும் அவருடைய டிச்சிலிங் நண்பர்களும் இந்தக் கருத்தைக் கிட்டத்தட்ட மந்திரம்போல ஓதினார்கள்.

இன்னொரு கிளை நம் பக்கத்திலிருந்து போனது. கொழும்பில் பிறந்த கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசுவாமியும் கில்லும் நண்பர்கள். குமாரசுவாமி தொகுத்த இந்தியச் சிற்பப் படங்களின் தொகுப்பு 1914இல் 'விஸ்வகர்மா' என்ற பெயரில் வந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவர் கில்தான். கலைஞன் தனிவகை மனிதன் இல்லை, ஒவ்வொரு மனிதனும் ஒரு தனிவகைக் கலைஞன் என்று குமாரசுவாமி சொன்னதை கில் அவ்வளவு தூரம் திரும்பத் திரும்பச் சொன்னதால், அது கில்லின் வாக்கு என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மரபுக் கலையில் செய்தவன் பெயருக்கு இடமில்லை என்பது குமாரசுவாமியின் உறுதியான நிலைப்பாடு. சோழர் காலத்து ஆடவல்லானைப் பார்த்து உருகுகிறோம். வார்த்தவர் எப்படிப்பட்டவர் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இல்லை.

ஆனால் பெயர் தெரியாத சிற்பியை மன்னிப்பதும் பெயர் தெரிந்தவரை மன்னிப்பதும் ஒன்றாகிவிடாது. முன்னதில் மன்னிக்க ஒன்றுமே இல்லை. நமக்கு விவரம் தெரியாது, அவ்வளவுதான். 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' என்ற குறளையும் இந்த விவாதங்களில் இழுத்து வருவார்கள். வள்ளுவர் அங்கே பேசுவது மெய்ப்பொருள் காண்பதைப் பற்றி. சொன்னவன் அயோக்கியனாக இருந்தாலும் இரண்டும் இரண்டும் நான்குதான். ஒரு சிற்பம் அப்படிச் சரிபார்க்கக்கூடிய கணக்கு இல்லையே.

கில்லுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. தத்துவத்தில் அவர் அக்குவினாஸைப் பிடித்துக்கொண்டாலும், வாழ்க்கையில் பிரிக்கவே கூடாது என்று பிரசாரம் செய்தவர். வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம், கோயில் ஒரு பக்கம் என்று தொழிற்சாலை நாகரிகம் மனிதனைக் கூறு போட்டுவிட்டது என்பதுதான் அவருடைய எல்லாக் கட்டுரைகளின் சாரம். டிச்சிலிங்குக்கு ஆட்கள் தேடி வந்தது சிற்பத்தை வாங்க மட்டும் இல்லை. அந்தக் குடும்பம் வாழும் முறையைப் பார்க்கவும்தான். படுக்கையையும் சாப்பாட்டு மேசையையும், சிறு பண்ணையையும் பட்டறையையும், வீட்டையும் பள்ளியையும், மண்ணையும் விண்ணையும் மீண்டும் ஒன்று சேர்க்கத் தன்னால் ஏதேனும் ஆகியிருந்தால் அதுவே பெரும் நிறைவு என்று தன்வரலாற்றில் எழுதினார். 1940இல் அதைப் படித்தவர்களுக்கு அழகான வரி. நாட்குறிப்பு வெளியான பிறகு அந்தப் பட்டியலின் முதல் சொல்லைத் தாண்டிக் கண் போக மறுக்கிறது.

ஆகவே கில்லின் வேலையை அவருடைய வாழ்க்கையிலிருந்து பிரித்து ரசிக்கிறேன் என்பவர், கில்லையே மறுத்துத்தான் அதைச் செய்ய வேண்டியிருக்கிறது. அதில் தவறில்லை. செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவே.

ஒரே கை, நான்கு வேலைகள்

'பிரிக்க முடியுமா' என்று மொத்தமாகக் கேட்பதால்தான் விவாதம் முப்பது வருடமாக ஒரே இடத்தில் சுற்றுகிறது என்று நினைக்கிறேன். வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தால் பதில்கள் மாறுகின்றன.

முதலில் எழுத்துரு. ஒரு ஆங்கில எழுத்தின் வளைவுக்குள் எந்தக் குழந்தையும் நிற்கவில்லை. அதில் பார்க்கப்பட்ட உடல் கிடையாது. கில் சான்ஸில் அச்சான பழைய புத்தகங்களை நான் வீட்டை விட்டு வெளியேற்றப் போவதில்லை. அதே வேளையில், குழந்தைகளுக்காகப் பாடுபடும் 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பு 2022இல் அந்த எழுத்துருவைக் கைவிட்டதை மிகையென்றும் சொல்ல மாட்டேன். எழுத்தின் அழகைப் பற்றி அவர்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. குழந்தைகளைக் காப்போம் என்ற வாசகத்தை அந்தப் பெயர் தாங்கிய எழுத்தில் எழுதுவது அவர்களுக்குக் கூசியது.

இரண்டாவது, சிலுவைப்பாதை. இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் இவை அலங்காரம் இல்லை. தவக்காலத்தில் மக்கள் ஒவ்வொரு நிலையின் முன்னாலும் நின்று, முழந்தாளிட்டு, ஜெபிக்கிறார்கள். 1990களின் இறுதியில், குருக்களின், அதாவது பாதிரியார்களின் கையில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் தரப்பிலிருந்து இவற்றை அகற்றும்படி கோரிக்கை எழுந்தது. பேராலயம் அகற்றவில்லை. திருச்சபைக்கு இதில் பழைய அனுபவம் ஒன்று உண்டு. பாவியான குரு கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா என்ற சண்டை நான்காம் நூற்றாண்டிலேயே வட ஆப்பிரிக்காவில் வெடித்தது. புனித அகுஸ்தீன் செல்லும் என்ற பக்கம் நின்றார். அருள் வருவது கடவுளிடமிருந்து, கை கழுவாத குரு வெறும் வாய்க்கால் என்பது அந்த வாதம். சிலுவைப்பாதைக்கும் அதே தர்க்கத்தை நீட்டலாம் என்று தோன்றும். ஆனால் அகுஸ்தீனின் வாதம் எளிய விசுவாசியின் மனநிம்மதிக்காக வைக்கப்பட்டது. உன் குரு கெட்டவனாக இருந்தாலும் நீ பெற்றது வீணாகாது என்று அவனுக்குத் தைரியம் சொல்வதற்காக. அந்த விசுவாசியே வந்து, இதன் முன்னால் என்னால் முழந்தாளிட முடியவில்லை என்று சொல்லும்போது, அதே வாதத்தை அவன் வாயை அடைக்கப் பயன்படுத்துவது அகுஸ்தீனைத் தலைகீழாகப் பிடிப்பது. சிற்பங்கள் நல்ல சிற்பங்கள். மிகைப்படாத, அழாத, எழுத்தைப் போலவே தெளிவான வேலை. ஒரு அருங்காட்சியகச் சுவரில் இருந்தால் நான் நின்று பார்ப்பேன். ஜெபத்துக்கு வந்தவருக்கு அப்படி விலகிப் போகும் வசதி குறைவு.

மூன்றாவது, 1920களின் தொடக்கத்தில் கில் செய்த மரச்செதுக்குப் படங்களில் ஒன்று: குளிக்கும் பெண். நல்ல மரச்செதுக்குக்கு உதாரணமாக நெடுங்காலம் காட்டப்பட்ட படம். அதற்கு அமர்ந்தவர் பதின்ம வயது பெட்ரா. 1989 வரை அது ஒரு தந்தையின் வாஞ்சை என்று பார்க்கப்பட்டது. இங்கே பிரிப்பது பற்றிப் பேச்சே இல்லை. அந்தப் படத்தின் பொருளே ஒருவர் இன்னொருவரைப் பார்க்கும் பார்வை. அந்தப் பார்வை என்ன செய்தது என்று பார்த்தவரே எழுதி வைத்திருக்கிறார். கோடு எவ்வளவு சிக்கனமானது என்று நான் யோசிக்கத் தொடங்கும் இடத்திலேயே அவருடைய கண்ணை வாங்கி என் முகத்தில் பொருத்திக்கொள்கிறேன். அதன் அஞ்சலட்டை ஒன்று என்னிடம் இருந்தது. கிழிக்கவில்லை. எங்கே வைத்தேன் என்று தேடவும் இல்லை.

நான்காவது, சுத்தியல் பட்ட சிலை. காற்றில் திரியும் ஏரியலை வானொலிக்குப் பொருத்தமான உருவமாக பிபிசி தேர்ந்தெடுத்தது. ஏரியல் என்ற உச்சரிப்பு வானொலிக் கம்பத்தையும் குறிக்கும் சிலேடை. கில் தன் மனதில் அதைக் கடவுள் தந்தையும் மகனுமாகவே செதுக்கினார். 1930களின் தொடக்கத்தில் சாரம் கட்டி, மேலங்கி அணிந்து, கட்டடத்தின் முகப்பிலேயே நின்று வெட்டினார். ஏரியலின் நிர்வாணம் அப்போதே சலசலப்பை உண்டாக்கியது. அந்தச் சலசலப்பு ஒழுக்கவாதிகளின் முணுமுணுப்பாகச் சிரிப்போடு நினைவுகூரப்பட்டு வந்தது. 1989க்குப் பிறகு சிரிப்பு நின்றது: உயரமான தந்தை, அவர் முழங்கால்களுக்கு முன் ஆடையற்ற பிள்ளை. கூடவே 2012இல் ஜிம்மி சாவில் விவகாரம் வெடித்தது. பல ஆண்டுகள் பிபிசியின் செல்ல முகமாக இருந்தவர் எத்தனையோ சிறுவர் சிறுமியரைச் சீரழித்தார் என்பது அவர் இறந்த பிறகு தெரிந்தது. அந்த நிறுவனத்தின் வாசலில் அந்தச் சிலை என்றால், அதைக் கலை வரலாறாக மட்டும் பாருங்கள் என்று தெருவில் போகிறவரிடம் சொல்வது எடுபடாது. டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பார்க்கும் பொருள் இல்லை அது. அந்தத் தெருவில் நடப்பவர் எல்லோரும் பார்த்தே ஆக வேண்டும்.

சுத்தியலுக்குப் பிறகு

சுத்தியல்காரரோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு பொதுச் சொத்தை என்ன செய்வது என்பதை ஏணி கையில் இருப்பவர் தனியாகத் தீர்மானிக்க ஆரம்பித்தால், நாளைக்கு வேறொருவர் வேறொரு காரணத்தோடு ஏணி கொண்டு வருவார். ஏணி மறுபடியும் வந்தது: 2023 மே மாதம் ஸ்பைடர்மேன் முகமூடி போட்ட ஒருவர் ஏறி மறுபடியும் அடித்தார். ஆனால் 1989க்கும் 2022க்கும் இடையில் 33 ஆண்டுகள் இருந்தன என்பதையும் மறக்க முடியவில்லை.

2025 ஏப்ரலில் பிபிசி சிலையைப் பழுது பார்த்து மீண்டும் காட்சிக்கு வைத்தது. செலவு ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல். கட்டடம் சட்டப் பாதுகாப்புப் பெற்ற பாரம்பரியக் கட்டடம். சிலை அதன் பகுதி. இப்போது முன்னால் ஒரு பாதுகாப்புத் திரை இருக்கிறது. பக்கத்தில் ஒரு க்யூஆர் குறியீடு. செல்பேசியைக் காட்டினால் சிலையின் வரலாறும் கில் செய்த கொடுமைகளும் வரும். வாசலில் நிற்கும் சிலைக்கு விளக்கம் செல்பேசிக்குள். எனக்கு இது அரைமனதாகவே படுகிறது. கல்லில் எழுத்து வெட்டத் தெரிந்த ஆட்கள் அந்த நாட்டில் நிறைய இருக்கிறார்கள். கில்லின் மாணவர் பரம்பரையே இருக்கிறது. நான்கு வரி வெட்டி வைத்திருக்கலாம்.

இதைவிட நேர்மையாக நடந்துகொண்டது டிச்சிலிங் கிராமத்தின் சிறிய அருங்காட்சியகம். கில்லின் பெயரால்தான் அந்த ஊருக்கே ஆட்கள் வருகிறார்கள். மௌனமாக இருக்க எல்லாக் காரணமும் அதற்கு இருந்தது. 2017இல் கில் தீட்டிய, செதுக்கிய மனித உடல்களை மட்டும் ஒரு கண்காட்சியாக வைத்து, அவர் செய்தது தெரிந்த பிறகு இவற்றை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று வருபவர்களிடமே கேட்டது. பாலியல் கொடுமைக்கு ஆளானோருடன் வேலை செய்பவர்களோடு கலந்தாலோசித்து ஊழியர்களைத் தயார் செய்தது. குற்றத்தை வைத்து விளம்பரம் தேடுகிறார்கள் என்று சிலர் திட்டினார்கள். இருக்கலாம். ஆனால் அங்கே போனவர் தெரியாமல் போய் நின்று திகைக்க வாய்ப்பில்லை. திரும்பிப் போகவும் வழி இருந்தது.

அந்தக் கண்காட்சிக்குச் சிற்பி கேத்தி பில்கிங்டனை அழைத்திருந்தார்கள். அவர் கில்லின் பெரிய வேலைகள் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. பெட்ரா நான்கு வயதுக் குழந்தையாக இருந்தபோது, 1910இல், கில் அவளுக்காகச் செதுக்கிக் கொடுத்த ஒரு மரப்பொம்மையை எடுத்து, அதை மையமாக வைத்துத் தன் வேலையைச் செய்தார். மேலே சொன்ன நான்கைப் பற்றியும் எனக்கு ஒரு முடிவு இருக்கிறது. இந்தப் பொம்மையிடம் அது உதவவில்லை. நாட்குறிப்பில் அந்தப் பக்கங்கள் எழுதப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னால், சின்ன மகளுக்காக ஓர் அப்பா மரத்தைச் சீவியிருக்கிறார். எரிக் கில்லின் சிற்ப வரிசையில் இதைச் சேர்க்க எனக்குக் கை வரவில்லை. அது பெட்ராவின் பொம்மை.